கற்பூரம் கரைத்த ஆட்டுக் கொழுப்பு

துருவுக்கு மத பேதம் கிடையாது. இதை எந்தப் பிரசங்கத்திலும் கேட்டு நான் தெரிந்துகொள்ளவில்லை. சித்தூர் மிஷன் பட்டறையில் தச்சு வாத்தியாராக இருந்தபோது கை வலிக்கத் தேய்த்துத் தெரிந்துகொண்டேன். ஊர்த் தச்சர்கள் ஆயுத பூஜைக்கு உளியையும் இழைப்புளியையும் நன்றாகக் குளிப்பாட்டி, ஈரச் சந்தனம் அப்பி, அன்றைக்கு வேலைக்குத் தொடக்கூடாது என்று அப்படியே வைத்துவிடுவார்கள். மறுநாள் துரு. வேதக்காரர்களாகிய நாங்கள் அந்த மாதிரி அஞ்ஞானம் எதுவும் செய்வதில்லை. கருவிகளைத் தந்ததற்காக உருக்கமாக ஜெபம் பண்ணி, பெட்டியில் வைத்து, ஒழுகுகிற கூரையின் கீழ் பூட்டிவிடுவோம். எங்களுக்கும் துருதான்.

அப்போது மதராஸ் ராஜதானி. சித்தூர் ஜில்லாக்காரர்கள் தெலுங்கில் வாக்கியத்தைத் தொடங்கித் தமிழில் முடிப்பார்கள். சர்க்கார் கச்சேரி வேலையென்றால் திரும்பவும் தெலுங்குக்குப் போய்விடுவார்கள். எங்கள் சபை தமிழ்ச் சபை, பழைய சபை. மிஷன் துரை மலையிலிருந்து கோடை கழிந்து இறங்கி வந்தவர், கிடங்கில் கிடந்த பழைய மரப்பெட்டிகளைத் திறக்கச் சொன்னார். அவருக்கு முன்னே இருந்த துரை கப்பலில் வரவழைத்த கருவிகள் அவை. திறந்து பார்த்தேன். இழைப்புளிகளின் அடித்தட்டு கருவாட்டுத் தோல் மாதிரி இருந்தது. ரம்பங்களில் பல் எது, துரு எது என்று தெரியவில்லை. மரத்தைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் ஒன்றின் திருகு திரும்பவே மாட்டேன் என்றது. நல்ல எஃகு இப்படிக் கிடப்பதைப் பார்த்ததும் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கூரை மேல் கோபப்பட்டேன்.

துருவை எடுப்பது எனக்குத் தெரியும். எடுத்த பிறகு மறுபடி ஏறாமல் காப்பதற்குத் துரை தன் ஊர் முறை ஒன்றைச் சொன்னார். ஆட்டுக் கொழுப்பை உருக்கி, அதில் நல்ல கற்பூரத்தைக் கரைத்து, சூடாக இருக்கும்போதே எஃகின் மேல் பூச வேண்டும். எத்தனை மழை வந்தாலும் கிட்டே வராதாம். இதைச் சொல்லிவிட்டு அவர் ஏதோ மாநாட்டுக்கு மதராசுக்குப் போய்விட்டார். எனக்குத் தேவைப்பட்டபோது அவர் ஊரில் இல்லை என்பதைத் தவிர அந்த மனிதரிடம் நான் வேறு குறை சொல்லமாட்டேன்.

இதே நாட்களில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் எங்கள் சபை மூப்பரின் மகள். மூப்பர் ஜில்லாக் கோர்ட்டில் குமாஸ்தா. அவள் மிஷன் பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். அதற்குமுன் அவளோடு நான் முழுதாகப் பேசியது ஒரே ஒரு தடவை. பள்ளிக் கத்தரிக்கோல்களைச் சாணை பிடிக்கக் கொண்டுவந்தாள். பிடித்துக் கொடுத்தேன். அங்கேயே ஒரு துணித்துண்டை வெட்டிப் பார்த்துவிட்டு, "இது துணிய வெட்டல, மெல்லுது" என்று திருப்பிக் கொடுத்தாள். என் வேலையை அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. மறுபடி சாணை பிடித்தேன். அவள் போன பிறகும் வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அன்றே மனசுக்குள் முடிந்துவிட்டது.

எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை சபைக் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், ஆட்சேபணை உள்ளவர்கள் இப்போதே தெரிவிக்கலாம் என்று. மூன்று ஓலையும் தடையில்லாமல் முடிந்தால்தான் கல்யாணம். வழக்கமாக அந்த நேரத்தில் கைக்குழந்தைகளைத் தவிர வேறு யாரும் சத்தம் போடுவதில்லை. எங்களுக்கு வாசித்தவர் உபதேசியார். சபையில் அஞ்ஞானம் எந்தச் சந்து வழியாக நுழைகிறது என்று கண்டுபிடிப்பதையே பிழைப்பாகக் கொண்டவர். ஒரு அம்மாள் வாசலில் கோலமாவு சிந்தியதற்கே விசாரணை வைத்தவர். அவருக்கு என்மேல் பகை கிடையாது, சொந்த லாபமும் கிடையாது. அதனால்தான் அவருக்கு நான் அதிகமாகப் பயந்தேன்.

முதல் ஓலை நல்லபடியாக முடிந்தது. அடுத்த வாரம் கற்பூரம் வாங்கப் புறப்பட்டேன். சித்தூர்க் கடைகளில் கலப்படம். நல்ல கட்டிக் கற்பூரம் வேண்டுமென்றால் திருப்பதிக்குத்தான் போகவேண்டும். எனக்குச் சனிக்கிழமை விடுமுறை. ஆகவே சனிக்கிழமை போனேன். அது புரட்டாசிச் சனிக்கிழமை என்பது பாகாலா ஜங்ஷனில் வண்டி மாறும்போதுதான் உறைத்தது. வண்டி முழுக்க மஞ்சள் துணியும் கோவிந்தா கோஷமும். சந்திரகிரி தாண்டும்வரை ஒற்றைக்காலில் நின்றுகொண்டு போனேன்.

கோவிந்தராஜ சாமி கோயில் பக்கத்தில் கற்பூரக் கடை. கடைக்காரர் நெற்றி நிறைய நாமம் போட்ட ஐயங்கார். நான் கேட்ட அளவைப் பார்த்து, பெரிய வேண்டுதலோ என்று விசாரித்தார். வேண்டுதல் இல்லை, பட்டறை ஆயுதங்களுக்கு என்றேன். மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இந்தக் காலத்துப் பையன்களில் இத்தனை சிரத்தையா என்று கூடுதலாக ஒரு கட்டி போட்டு, பெருமாள் படம் போட்ட பழைய காலண்டர் தாளில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். நான் வேதக்காரன் என்று சொல்லி அவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று சும்மா இருந்துவிட்டேன். துரு தேய்க்க எலுமிச்சம்பழமும் வேண்டியிருந்தது. அங்கே மலிவாகக் கிடைத்ததால் ஒரு கூடை வாங்கினேன்.

திரும்பும்போது பாகாலா பிளாட்பாரத்தில் சித்தூர் வண்டிக்காக நின்றேன். என்னைச் சுற்றிலும் மொட்டைத் தலைகள். ஒரு கையில் பெருமாள் வெளியே பார்க்கும்படி பொட்டலம், இன்னொரு கையில் எலுமிச்சைக் கூடை. கிராமத்துச் சபை எதையோ பார்த்துவிட்டு வந்த உபதேசியார் நேர் எதிரே நின்றார். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு "ஸ்தோத்திரம்" என்றார். நானும் "ஸ்தோத்திரம்" என்று வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து என் முதுகுக்குப் பின்னால் பிளாட்பாரமே "கோவிந்தா" என்றது.

மறுநாள் இரண்டாம் ஓலையை அவர் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். ஆட்சேபணை உண்டா என்று கேட்டுவிட்டு, யாராவது இருந்தால் தேவலை என்பது போலச் சுற்றிலும் பார்த்தார். மூப்பர் வீட்டு விருந்தைத் தவிர அன்று ஒன்றும் நடக்கவில்லை.

திங்கட்கிழமை வேலையைத் தொடங்கினேன். துருவேறிய எஃகுக்குப் புளியைப் போல வைத்தியம் கிடையாது. புளியைக் கரைத்து அதில் ஊறப் போட்டால் துரு இளகும். பிறகு எலுமிச்சம்பழத்தை இரண்டாக அறுத்து, செங்கல் பொடியில் தொட்டுத் தேய்க்க வேண்டும். பொடியோடு எண்ணெய் குழைத்து, தேங்காய் நாரால் மறுபடி ஒரு தேய்ப்பு. கழுவியதும் அடுப்புச் சாம்பலைத் தூவித் துடைத்தால் புளிப்பும் ஈரமும் போகும். கரிச்சட்டியின் அனலில் காட்டி உலர்த்த வேண்டும். அதோடு விடக்கூடாது. உடனே கொழுப்பு பூச வேண்டும், இல்லாவிட்டால் பெற்ற பிள்ளையைப் போல் சொன்ன பேச்சு கேட்காமல் மறுபடியும் துரு ஏறும். கொழுப்புக்கு ஒரு இடத்தில் சொல்லி வைத்திருந்தேன்.

புதன்கிழமை ஆயுத பூஜை. ஊரில் மேளச்சத்தம் கேட்டது. எந்த இழைப்புளி ஊறியது, எது ஊறவில்லை என்பதில் இருந்த எனக்கு அன்று என்ன நாள் என்ற நினைப்பே இல்லை. வாசலில் நிழல் தட்டியது. உபதேசியாரும் சபைக் கமிட்டியார் இருவரும் நின்றிருந்தார்கள்.

அவர்கள் கண்ணால் பார்த்ததை நான் மறைக்கப்போவதில்லை. நீளப் பலகையில் உளிகளும் ரம்பங்களும் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் சிவப்புச் சிவப்பாகச் செங்கல் குழம்பு. சுற்றிலும் அறுத்துப்போட்ட எலுமிச்சை மூடிகள், அவற்றின் மேலும் சிவப்பு. ஒரு பக்கம் சாம்பல் குவியல். நடுவில் கரிச்சட்டி புகைந்துகொண்டிருந்தது. பிரித்துவைத்த கற்பூரத்தின் அடியில் பெருமாள் அபய ஹஸ்தம் காட்டிக்கொண்டிருந்தார். நானும் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வெற்று மார்போடு நின்றேன், புழுக்கம் அப்படி.

"சகோதரனே, இது என்ன?" என்றார் உபதேசியார். அவர் வேதப் புத்தகத் தமிழில்தான் எப்போதும் பேசுவார், காய்கறிக்காரியிடம்கூட.

ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். இது குங்குமம் இல்லை, செங்கல். இது விபூதி இல்லை, அடுப்புச் சாம்பல். இது ஓமம் இல்லை, ஈரம் போவதற்கு. கற்பூரம் கொழுப்பில் கரைப்பதற்கு. சொல்லச் சொல்ல எனக்கே அது கதை மாதிரி கேட்டது. பனை மரத்தடியில் நின்று பால் குடித்தால் யார் நம்புவார்கள்? நானோ பனை மரத்தடியில் பாலையும் கள்ளுக் கலயத்தில் ஊற்றிக் குடித்தவன் மாதிரி நின்றேன். சனிக்கிழமை மாலை விசாரணை, அதுவரை பட்டறையைப் பூட்டுவது என்று அங்கேயே முடிவு செய்தார்கள்.

பூட்டட்டும், ஊறிக்கொண்டிருப்பதை மட்டும் எடுத்துக் கழுவி வைக்கிறேன் என்று கெஞ்சினேன். புளித்தண்ணீரில் நாள்கணக்கில் கிடந்தால் துருவைத் தின்று முடித்துவிட்டு எஃகையே தின்னத் தொடங்கும் என்றேன். சாட்சிப் பொருள்களைத் தொடக்கூடாது என்றார்கள். பூட்டு மட்டும் புதுசு. அதற்கு மிஷனில் எண்ணெய்கூடப் போட்டு வைத்திருந்தார்கள்.

அன்று முதல் சனிக்கிழமை வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. குற்றம் ருசுவானால் மூன்றாம் ஓலை வாசிக்கப்படாது. மூப்பர் வீட்டுக்குப் போனேன். அவர் நல்ல மனிதர். ஆனால் ஆயுள் முழுக்கக் கோர்ட்டில் இருந்தவர், தீர்ப்பு வருவதற்குமுன் அபிப்பிராயம் வைத்துக்கொள்கிற பழக்கம் அவருக்கு இல்லை. கமிட்டி என்ன சொல்கிறதோ அதுதான் என்று, என்னைப் பார்க்காமல் குடையைப் பார்த்துச் சொன்னார். வேலூரில் ஒரு பையன் இருக்கிறானாம் என்று அதற்குள் தெருவில் பேச்சு. உள்ளேயிருந்து அவள் குரல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். தையல் மிஷின் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. ஒரு கட்டிக் கற்பூரத்துக்காக இவளை இழக்கப்போகிறேன் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. தெருவில் நடந்துகொண்டே அழுதேன்.

சனிக்கிழமை மாலை கோயில் பக்கத்து அறையில் கமிட்டி கூடியது. உபதேசியார், அந்த இருவர், தலைமையில் மூப்பர். பெண்ணின் தகப்பனார் தலைமை வகிக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை, நாற்காலி அவருடையது. மேஜை மேல் எலுமிச்சை மூடிகளும் கற்பூரமும் பெருமாளும். உபதேசியார் திருப்பதிப் பயணத்திலிருந்து தொடங்கி வெற்று மார்பு வரைக்கும் சொன்னார். நடுநடுவே என் ஆத்துமாவுக்காகக் கண்ணீர் வேறு. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். நான் துரை சொன்ன முறையைச் சொன்னேன். துரையைக் கேளுங்கள் என்றேன். மாநாட்டில் இருக்கிறவரை இந்த அசுத்தமான விஷயத்துக்காகத் தொந்தரவு செய்யலாகாது என்றார்கள்.

"கொழுப்பு பூசப்போவதாகச் சொல்லுகிறீர். கற்பூரம் இருக்கிறது, கொழுப்பு எங்கே?" என்றார் உபதேசியார்.

பக்கத்துக் கதவு திறந்தது. எனக்கு நிச்சயித்த பெண்தான். கையில் மண்சட்டி. அறைக்குள் கொழுப்பின் கவுச்சி முதலில் வந்தது, பிறகு அவள் வந்தாள். சட்டியை மேஜை மேல், பெருமாள் படத்திலிருந்து சற்றுத் தள்ளி, மரியாதையாகவே வைத்தாள். மூப்பர் எழுந்துவிட்டார். அவள் அவரிடம் நிதானமாக, "இரு நைனா, ஒரு வார்த்த சொல்லிட்டுப் பூடறேன்" என்றாள். பிறகு உபதேசியாரைப் பார்த்தாள்.

"கொழுப்பு நான்தான் உருக்கி வெச்சிக்கினு இருந்தேன். பட்டறைய நீங்க பூட்டிட்டதால குடுக்க முடியல. இத்தத்தான் ஆயுதத்துக்குப் பூசப் போறாரு. ஆட்டுக் கொழுப்பு பூசற ஆயுத பூஜ எந்த ஊர்ல கீது, சொல்லுங்கய்யா."

கமிட்டியார் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மூப்பர் முகத்தில் அந்த வாரத்தில் முதல் தடவையாக ரத்தம் ஓடியது. எனக்கு மூச்சு வந்தது. அப்படியே விட்டிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டு சற்று யோசித்தார். அவர் யோசித்தால் ஆபத்து.

"அப்படியானால் ஒரு ஆடும் பலியிடப்பட்டிருக்கிறது" என்றார்.

கமிட்டியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இதுவரை வெறும் கற்பூரப் பூஜையாக இருந்தது இப்போது ரத்தபலியாக உயர்ந்துவிட்டது. இனிமேல் நான் என்ன கொண்டுவந்து காட்டினாலும் அது என் கழுத்துக்கே கயிறாகும் என்று தெரிந்துபோயிற்று. வாயை மூடிக்கொண்டேன்.

அவள் மூடவில்லை. "பலி ஆடுதான்னு சொல்றீங்களா?" என்று கேட்டாள்.

"சந்தேகமில்லை. விக்கிரகத்துக்கென்று அடிக்கப்பட்ட ஆடு."

"நல்லா ரோசன பண்ணிச் சொல்லுங்கய்யா. அப்பால மாத்தக் கூடாது."

"ஒருபோதும் மாற்றேன்" என்றார்.

"போன ஞாயித்துக்கெழம, ரெண்டாம் ஓலை படிச்சிட்டு வந்து எங்கூட்ல அல்லாரும் சாப்ட்டீங்களே, அந்த ஆட்டோட கொழுப்புதான் இது. நெஞ்செலும்பு நல்லாகீதுன்னு ரெண்டாந்தபா கேட்டு வாங்கித் துன்னது நீங்கதான். அப்ப நீங்க துன்னது படையலா?"

கமிட்டியாரில் ஒருவர் மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். இது வேறு ஊர்க்காரர்களுக்கு விளங்காமல் போகலாம். எங்கள் சபையில் குடிக்கலாம், மனைவியை அடிக்கலாம், ஒரு மாதம் கோயிலில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு வராமல் நிறுத்திவைத்து மன்னித்துவிடுவார்கள். படையல் சோறு தின்றவனுக்கு மட்டும் மன்னிப்பு இலேசில் கிடையாது, ஞானஸ்நானமே வீண் என்று பேச்சு வந்துவிடும். அன்று விருந்துக்கு வந்தவர்கள் உபதேசியார் மட்டுமல்ல. கமிட்டியார் இருவரும் வந்திருந்தார்கள், அவர்கள் குடும்பங்களும் வந்திருந்தன. ஒருவர் பாத்திரத்தில் வீட்டுக்கும் கொண்டுபோயிருந்தார்.

நீண்ட ஜெபம் ஒன்று நடந்தது. ஜெபத்தின் முடிவில் அந்த ஆடு சாதாரண ஆடு என்று தெளிவாயிற்று. ஆடு சாதாரணமானால் கொழுப்பும் சாதாரணம். கொழுப்பில் கரைவதால் கற்பூரமும் சாதாரணம். பெருமாளை மட்டும் என்ன செய்வது என்று தெரியாமல் மடித்து வைத்தார்கள். ஆனால் கமிட்டி கூடிவிட்டு வெறுங்கையோடு எழுந்திருப்பது மரியாதையில்லையே. ஆகவே இனிமேல் மிஷன் கருவிகளைப் புரட்டாசி மாதத்தில் சுத்தம் செய்யலாகாது, ஐப்பசியில் செய்துகொள்ளலாம் என்று ஒரு தீர்மானம் போட்டார்கள். எங்கள் பக்கம் ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். துரு பிடிப்பதற்கென்றே ஒரு மாதத்தைச் சபையார் ஜெபத்தோடு ஒதுக்கிக் கொடுத்தது உலகத்தில் எங்கள் ஊரில்தான் இருக்கும். துரை திரும்பி வந்து கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் தீர்மானத்தை மாற்றவில்லை.

அன்று மாலையே பட்டறையைத் திறந்தோம். தேய்த்து முடித்து வைத்திருந்ததெல்லாம் மறுபடி சிவந்திருந்தது. புளித்தண்ணீரில் கிடந்தவை கறுத்துப்போயிருந்தன. பெரிய இழைப்புளியின் தகட்டில் அம்மைத் தழும்பாகக் குழிகள். அதை இனி எத்தனை தீட்டினாலும் பலகையில் கோடு விழும். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எதை முதலில் எடுப்பது என்று மட்டும் கேட்டாள். மூப்பர் லாந்தரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கழுவக் கழுவ அவள் சாம்பல் போட்டுத் துடைத்தாள். கற்பூரத்தைப் போட்டுக் கொழுப்பைச் சுடவைத்தபோது எழுந்த வாசனையில் மூப்பர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். லாந்தரை வைத்துவிட்டுத்தான் போனார், அதற்கு அவருக்கு நன்றி.

முழங்கை வரைக்கும் கொழுப்போடு நின்றவளிடம், உனக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"பயம்தான். நீ அழுதுகினு போனத ஜன்னல்ல பாத்தேன். உன்ன வுட்டா வேற எவன் என் கத்தரிக்கோல ரெண்டாந்தபா புடிச்சிக் குடுப்பான்?" என்றாள்.

மறுநாள் மூன்றாம் ஓலை. உபதேசியார்தான் வாசித்தார். ஆட்சேபணை உள்ளவர்கள் இப்போதே தெரிவிக்கலாம் என்ற இடத்தில் பழக்கதோஷத்தால் அவருக்கு வாய் சற்று நின்றது. நான் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அடுப்பில் பொங்கவிருக்கும் பாலைப் பார்ப்பது போல உபதேசியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, ஆட்சேபணை இல்லை, ஆமென் என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார். அந்தப் பார்வையோடு நான் குடித்தனம் நடத்தத் தொடங்கி எத்தனையோ வருஷங்கள் ஆகிவிட்டன. எங்கள் வீட்டிலும் இதுவரை ஆட்சேபணை என்று ஒன்று எழுந்ததே இல்லை.